ராத்திரி மூன்று மணிக் காற்று: பாய்ப்படகுக்கு ஒதுங்குமிடம் தேர்ந்தெடுப்பது எப்படி

பாய்ப்படகில் கரையோரமாகப் பல நாள் பயணம் கிளம்புகிறவர்கள் முதலில் கவலைப்படுவது பாயைப் பற்றித்தான். எந்தக் காற்றுக்கு எவ்வளவு விரிப்பது, எப்போது சுருக்குவது, எப்படித் திரும்புவது. அதெல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். சாயங்காலம் எங்கே போய் நிற்பது என்கிற கணக்குத்தான் லேசில் வராது. பகலில் செய்த தப்பைப் பகலிலேயே சரிசெய்துகொள்ளலாம். நிற்கிற இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அது தெரியவருவது பெரும்பாலும் நடு ராத்திரியில், மழையோடும் தூக்கக் கலக்கத்தோடும்.

எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு சின்னக் குடா. மேற்கே குன்று, காற்றும் மேற்கிலிருந்து. உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. மூன்று மீட்டர் ஆழத்தில் நங்கூரத்தைப் போட்டு, பதினைந்து மீட்டர் சங்கிலி விட்டு, சாப்பிட்டுப் படுத்தோம். ராத்திரி மூன்று மணி வாக்கில் கிழக்கிலிருந்து மழைக்காற்று அறைந்தது. அந்தக் குடாவுக்குத் திறந்திருந்த ஒரே பக்கம் கிழக்கு. மேலே ஓடி வந்து பார்த்தால், சாயங்காலம் எதிரே இருந்த மணற்கரை இப்போது முதுகுக்குப் பின்னால். அலை உடைகிற சத்தம் கேட்கும் தூரம். இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது, பிழைத்தோம். அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு இதுதான். சாயங்காலம் நாலு மணிக்கு அடித்த காற்றுக்கு இடம் பார்த்தேன். நான் தூங்கப்போவது ராத்திரி மூன்று மணிக் காற்றில் என்பதை யோசிக்கவில்லை.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த மூன்று மணிக் காற்றைப் பற்றியதுதான்.

கிளம்புவதற்கு முன்: நாளைச் சுருக்குங்கள்

பத்து மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகு சராசரியாக மணிக்கு 5 கடல் மைல் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏற வேண்டியிருந்தால், வரைபடத்தில் இருபது மைல் என்று தெரிவது தண்ணீரில் முப்பதைத் தொடும். புதியவர்களுக்கு ஒரு நாளுக்கு இருபது, இருபத்தைந்து மைல் போதும். சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது மிச்சம் இருக்கும்போது போய்ச் சேர வேண்டும் என்பது என் கணக்கு. அந்த இரண்டு மணி நேரம் ஓய்வெடுப்பதற்கு என்று நினைக்காதீர்கள். போன இடம் சரியில்லை என்றால் வேறு இடம் தேடிப் போவதற்கு.

வேறு இடம் என்று ஒன்று இருக்க வேண்டுமே. ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் மூன்று இடங்களைக் குறித்து வையுங்கள். போக நினைக்கும் இடம் ஒன்று. அதற்கு முன்னாலேயே, வழியில், களைத்துப்போனால் ஒதுங்க ஒன்று. காற்று திசை மாறினால் போக, வேறு பக்கம் பார்த்துத் திறந்திருக்கும் மூன்றாவது ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம், பலரும் மறப்பதும் அதைத்தான். ஒரே திசைக்குத் திறந்த மூன்று குடாக்களைக் குறித்து வைத்தால், மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகும்.

காற்றைப் படிப்பது

ஒரு சின்ன விஷயம், குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. காற்றுக்குப் பெயர் அது வருகிற திசையை வைத்து. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது. நீரோட்டத்துக்கோ போகிற திசையை வைத்து. வடக்குக் காற்றும் தெற்கு நீரோட்டமும் ஒரே பக்கமாகத்தான் போகின்றன.

வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பது வழக்கமான தப்பு. ஒதுங்குமிடத்துக்கு வேகத்தைவிடத் திசைதான் பெரிது; அதைவிடப் பெரிது, அந்தத் திசை எப்போது மாறும் என்பது. மறுநாள் காலை வரைக்கும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை காற்று எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய திசைகள் எல்லாவற்றுக்கும் மறைவு தருகிற இடம் கிடைத்தால் அங்கே போங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால் ராத்திரிக் காற்றுக்கு மறைவு தரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் கொஞ்சம் ஆடினால் ஆடட்டும்.

திசை மாறுவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து கரைக்குக் காற்று வரும். பிற்பகலில் அது உச்சத்தில் இருக்கும், இருட்டியதும் அடங்கும். ராத்திரியில் நிலம் குளிர்ந்து, கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று திரும்பும். இது நமக்கு நல்லது. கரைக்காற்று படகைக் கரையிலிருந்து தள்ளித்தான் வைக்கும். காற்றழுத்தத் தாழ்வு கடந்து போகும்போது நடப்பது வேறு. வட அரைக்கோளத்தின் மிதவெப்பக் கடல்களில், தாழ்வோடு வரும் குளிர்முனை, அதாவது குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, கடக்கும்போது, தென்மேற்கில் இருந்த காற்று சட்டென்று வடமேற்குக்குத் தாவும். தென் அரைக்கோளத்தில் வடமேற்கிலிருந்து தென்மேற்குக்கு. அப்புறம் இடிமழை மேகம்: அதன் அடியிலிருந்து கொட்டும் குளிர்ந்த காற்று எந்தத் திசையிலிருந்தும் அடிக்கலாம், எந்த அறிக்கையிலும் மணி குறித்து வராது. இடிமழை பற்றி ஒரு வரி இருந்தாலே எல்லாப் பக்கமும் மூடிய இடத்தைத் தேடுங்கள்.

திறந்த இடத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1982 டிசம்பரில் நடந்ததைச் சொல்லலாம். மெக்சிகோவின் கபோ சான் லூகாஸில் வழக்கமாக அடிப்பது வடமேற்குக் காற்று. அதற்கு அந்தக் குடா நல்ல மறைவு. கரைக்கு அருகே படகுகள் நெருக்கி அடித்து நங்கூரத்தில் நின்றன. டிசம்பர் 8ஆம் தேதி இரவு, குடாவின் திறந்த பக்கத்திலிருந்து புயல்காற்று வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பாய்ப்படகுகள் ஒரே இரவில் மணலில் ஏறின. அவற்றில் ஒன்று பெர்னார்ட் முவாடெசியேயின் ‘ஜோஷ்வா’. 1968-69இல் எங்கும் நிற்காமல் உலகை ஒன்றரை முறை தனியாகச் சுற்றி வந்த மனிதரின் படகு அது. அவ்வளவு பெருங்கடலும் செய்யாததை ஒரு மணற்கரை செய்துவிட்டது.

மறைவு என்றால் என்ன

காற்றுக்கு மறைவு, அலைக்கு மறைவு என்று இரண்டு இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

தாழ்வான மணல் திட்டு ஒன்று காற்றை நிறுத்தாது, ஆனால் அலையை முழுக்க நிறுத்திவிடும். அப்படிப்பட்ட இடத்தில் காற்று விசிலடித்தாலும் படகு நிம்மதியாக நிற்கும். உயரமான மலைக்கு அடியில் ஒதுங்கினால் நல்ல மறைவு என்று தோன்றும். பல சமயம் நேர்மாறாக நடக்கும். மலை உச்சியைத் தாண்டும் காற்று மறுபக்கச் சரிவில் கொத்துக் கொத்தாக விழுந்து, படகை ஒரு பக்கமும் மறு பக்கமும் அறையும். இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு கடலை நோக்கித் திறந்திருந்தால் அது புனல் மாதிரி. அதன் வாய்க்கு நேரே நிற்காதீர்கள். சரிவான, மரங்கள் அடர்ந்த, நடுத்தர உயரக் கரைதான் எனக்குப் பிடித்தது.

காற்று கிளப்பும் அலை எவ்வளவு பெரிதாகும் என்பது காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததில்லை. எவ்வளவு தூரத் திறந்த நீரின் மேல் அது ஓடி வருகிறது, எவ்வளவு நேரமாக அடிக்கிறது என்பதும் கணக்கு. குடாவின் அகலம் அரை மைல் என்றால், எதிர்க்கரையிலிருந்து பலமான காற்று அடித்தாலும் சின்னச் சின்ன அலைதான் எழும். ஐந்து மைல் என்றால் அடுப்பில் பாத்திரம் நிற்காது.

இனி, புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது: வெகு தூரத்தில் எங்கோ அடித்த காற்று கிளப்பிவிட்ட நெடிய அலை. இங்கே காற்றே இல்லாவிட்டாலும் அது வந்துகொண்டே இருக்கும். நேர்க்கோட்டில் வந்தால் முனைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் அலை வளையும். ஆழம் குறையும் இடத்தில் அதன் வேகம் குறைவதால், முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி பின்தங்க, வெளிப்பகுதி முந்திக்கொண்டு, முழு அலையும் முனையைச் சுற்றி உள்ளே திரும்பிவிடும். காற்று ஒரு திசையில் படகை நிறுத்தியிருக்க, இந்த அலை பக்கவாட்டில் வந்து படகைத் தொட்டில் போல ஆட்டும். ஆபத்து என்று சொல்ல முடியாது, ஆனால் தூங்க முடியாது. அலமாரியில் ஒரு தம்ளர் இந்தப் பக்கம் உருண்டு ‘டக்’, அந்தப் பக்கம் உருண்டு ‘டக்’ என்று விடிய விடிய அடிக்கும். எழுந்து அதைத் துணியில் சுற்றி வைத்தால் அடுத்ததாக ஒரு கரண்டி ஆரம்பிக்கும்.

இதைக் கரையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். உள்ளே நுழையும்போது மணற்கரையில் அலை உடைகிற இடத்தைக் கவனியுங்கள். ஒரு மூலையில் வெள்ளை நுரை, இன்னொரு மூலையில் தண்ணீர் வெறுமனே நக்கிக்கொண்டிருக்கிறது என்றால், இரண்டாவது மூலைக்குப் போங்கள். கரையோரப் பாறையில் ஈரக்கோடு எவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறது என்பதும் சொல்லிவிடும். பெரிய கற்கள் உருண்டையாக, வழவழப்பாகக் குவிந்து கிடக்கும் கரை அலை அடிக்கிற கரை. தண்ணீர் விளிம்பு வரைக்கும் செடிகொடி இறங்கி வந்திருந்தால் அங்கே அலை அவ்வளவாக வருவதில்லை என்று அர்த்தம்.

ஆற்று வாய் மறைவான இடம்தான், ஆனால் வாசலில் மணல் மேடு இருக்கும். நீர் வெளியே இறங்கும் நேரமும் கடலிலிருந்து அலை உள்ளே வரும் நேரமும் சேர்ந்தால் அந்த மேட்டில் அலை செங்குத்தாக எழுந்து உடையும். நீர் ஏறும் நேரத்தில், பகலில், அலை குறைவாக இருக்கும்போது மட்டும் நுழையுங்கள். சந்தேகம் இருந்தால் நுழையவே வேண்டாம்.

வரைபடத்தில் என்ன பார்ப்பது

கடல் வரைபடத்தில் போட்டிருக்கும் ஆழம் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்தை ஒட்டிய அளவு. அதன்மேல் கடல் ஏற்றத்தின் அளவு சேரும். அடியில் கோடிட்ட எண் இருந்தால் அது ஆழமில்லை. நீர் இறங்கும்போது அந்த இடம் அவ்வளவு மீட்டர் வெளியே தலைகாட்டும். எண்களுக்கு நடுவே சின்ன ஆங்கில எழுத்துகள் இருக்கும். பலரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் அவைதான் நங்கூரம் போடுகிறவருக்கு முதல் செய்தி. எஸ் என்றால் மணல், எம் என்றால் சேறு, சி-ஒய் களிமண், ஆர் பாறை, சி-ஓ பவளம், டபிள்யூ-டி களை. கேபிளோ குழாயோ போகும் இடங்களும் நங்கூரம் தடைசெய்யப்பட்ட இடங்களும் தனிக் குறிகளோடு இருக்கும். கைப்பேசித் திரையில் பார்க்கிறவர்கள் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சுருக்கிய நிலையில் சில பாறைகள் திரையிலிருந்து காணாமல் போகும், கடலிலிருந்து போகாது.

நங்கூரம் மணலிலும் களிமண்ணிலும் நன்றாகப் பிடிக்கும். கெட்டியான சேறு பரவாயில்லை. கூழ் மாதிரிச் சேறு என்றால் நங்கூரம் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வரும், சங்கிலி இன்னும் நிறைய விட வேண்டும். பாறையில் ஒன்று பிடிக்காது, இல்லையென்றால் இடுக்கில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. களை அடர்ந்த தரையில் நங்கூரம் பிடித்தது போலவே தோன்றும். உண்மையில் வேர்க்கொத்தைத்தான் பிடித்திருக்கும். காற்று கூடினால் கொத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். கடற்புல் மேல் போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: மத்தியதரைக் கடலின் பொசிடோனியா புல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். ஒரு சங்கிலி ஒரே இரவில் அரைத்துவிட்டுப் போவது வளர்ந்து மூடப் பல ஆண்டுகள் ஆகும். அங்கே பல இடங்களில் இதற்குச் சட்டத் தடையே உண்டு. பவளத்தின் மேல் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

நீரின் நிறமும் உதவும். தெளிந்த வெப்பக் கடலில் வெளிர் பச்சை கலந்த நீலம் மணல், கருநீலம் ஆழம், பழுப்பும் மஞ்சளும் நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும் பார், அதாவது நீருக்கடியில் இருக்கும் பவளத் திட்டு. கருந்திட்டு என்றால் புல்லோ பாறையோ. இதைப் படிக்கச் சூரியன் உயரத்திலும் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும், கண்ணில் போலராய்டு கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. சூரியனைப் பார்த்துக்கொண்டு பார் நிறைந்த இடத்துக்குள் நுழைவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

ஏற்ற இறக்கமும் சங்கிலிக் கணக்கும்

கடல் ஏற்ற இறக்கம் மத்தியதரைக் கடலில் பெரும்பாலும் அரை மீட்டரைத் தாண்டாது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் 16 மீட்டர் வரை போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வீச்சு அதிகம். அரை நிலா தெரியும் அஷ்டமியை ஒட்டிக் குறைவு. நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் இடங்களில் ஒரு ஏற்றத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். அந்த ஆறு மணியிலும் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த வீச்சைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. வீச்சு 3 மீட்டர் என்றால் நடு இரண்டு மணியில் மட்டும் ஒன்றரை மீட்டர் ஏறிவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது. நீர் இனி 2 மீட்டர் ஏறும். படகின் முன்முனையை மீனவர்கள் அணியம் என்பார்கள். அது நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர். கூட்டினால் 7. முழுச் சங்கிலி என்றால் அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் விட வேண்டும். கொஞ்சம் சங்கிலியும் மீதி கயிறும் என்றால் ஏழு மடங்கு, 49 மீட்டர். புயல் எதிர்பார்த்தால் பத்து மடங்கு கேட்கும். நான் அந்தக் குதிரை லாடக் குடாவில் செய்தது போல, வந்த நேரத்து ஆழத்தை மட்டும் ஐந்தால் பெருக்கினால் நீர் ஏறியபின் மூன்று மடங்குகூட மிஞ்சாது. சங்கிலி ஏன் இவ்வளவு நீளம் வேண்டும்? நங்கூரம் தரையோடு படுக்கையாக இழுக்கப்படும்போதுதான் உள்ளே உள்ளே புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். நாம் காலையில் அதைக் கிளப்புவதே அப்படித்தான்.

இறக்கத்தையும் மறக்காதீர்கள். அதே 4 மீட்டர், நீர் ஒன்றரை மீட்டர் இறங்கும் என்றால் இரண்டரைதான் மிச்சம். கீல், அதாவது படகின் அடியில் நீண்டிருக்கும் துடுப்புப் பகுதி, நீர்மட்டத்திலிருந்து 1.8 மீட்டர் இறங்கியிருக்கும் படகுக்கு எழுபது சென்டிமீட்டர் இடைவெளி. அமைதியான தண்ணீரில் சரி. அலை ஆடும் இடத்தில் போதாது. உங்கள் ஆழமானி காட்டுவது நீர்மட்டத்திலிருந்தா, கீலின் அடியிலிருந்தா என்பதை, பயணம் தொடங்கும் முன்பே ஒரு கயிற்றில் கனம் கட்டி இறக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கடன் வாங்கிய படகில் இதை விட்டுவிட்டுத் தரை தட்டியவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் சுழலும் வட்டம். 35 மீட்டர் சங்கிலி, 10 மீட்டர் படகு: காற்று மாற மாற, நங்கூரத்தை நடுவாக வைத்து 45 மீட்டர் ஆரத்தில் சுற்றுவீர்கள். அந்த வட்டத்துக்குள் எந்தப் பக்கமும் பாறை, ஆழமின்மை, இன்னொரு படகு எதுவும் வரக் கூடாது. சங்கிலியில் நிற்கும் படகும் கயிற்றில் நிற்கும் படகும் ஒரே மாதிரி சுற்றுவதில்லை. இரட்டை உடல் படகு இன்னொரு விதம். முதலில் வந்து நிற்பவருக்கே முன்னுரிமை என்பது எழுதாத வழக்கம். பிந்தி வந்தவர்தான் விலக வேண்டும்.

நங்கூரம் பற்றி நாலு வார்த்தை

எது நல்ல நங்கூரம் என்று கேட்டால் படகுக்காரர்கள் சாப்பாட்டை மறந்து சண்டை போடுவார்கள். கலப்பை வடிவ சி.கியூ.ஆர். நங்கூரத்தை 1933இல் உருவாக்கியவர் ஜெஃப்ரி டெய்லர் என்ற இயற்பியலாளர். திரவ இயக்கத்தில் பெரும் பெயர் பெற்றவர், தன் பாய்ப்படகுக்காகத்தான் யோசித்தார். சமீப காலத்தில் வந்த, ஒற்றைக் கூர் அலகும் பின்பக்க வளையமும் கொண்ட வகைகள் வேகமாகப் புதைகின்றன, காற்று திரும்பினால் மறுபடி பிடித்துக்கொள்கின்றன. மடக்கித் தட்டையாக வைக்கும் டான்ஃபோர்த் மணலில் அபாரம், ஆனால் இழுப்பு திசை மாறினால் நம்ப முடியாது. இரண்டாவது நங்கூரமாக அதை வைத்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் உங்கள் படகின் அளவுக்குச் சொன்னதைவிட ஒரு படி பெரியதாக வாங்குங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும்.

போடும் முறை

குடாவுக்குள் நுழைந்ததும் உடனே போடாதீர்கள். இன்ஜினில், மெதுவாக, நீங்கள் சுழலப்போகும் வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஆழமானியைப் பாருங்கள். மற்ற படகுகள் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன என்று பார்த்து, அதே பக்கம் முகம் வைத்து, காற்றுக்கு எதிராக வாருங்கள். தேர்ந்தெடுத்த இடத்தின்மேல் படகு அசையாமல் நிற்க வேண்டும். அப்போது நங்கூரத்தை இறக்குங்கள். வீச வேண்டாம். வீசினால் சங்கிலி அதன் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும்.

படகு தன் வட்டத்தைத் தாண்டி நகர்ந்தால் ஒலிக்கும் ஜி.பி.எஸ். எச்சரிக்கையின் நடுப்புள்ளியை, நங்கூரம் தரை தொட்ட அந்த நொடியில் குறித்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பின் குறித்தால், நடுப்புள்ளி நங்கூரம் இருக்கும் இடத்தில் இருக்காது, படகு இருக்கும் இடத்தில் இருக்கும். எச்சரிக்கை தப்பாக அடிக்கும், அல்லது அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது.

படகு காற்றில் பின்னால் போகப் போகச் சங்கிலியை விடுங்கள், தரையில் நீளமாகப் படுக்கட்டும். ஆழத்தைப் போல மூன்று மடங்கு போனதும் லேசாகப் பிடித்து நிறுத்துங்கள். அணியம் காற்றின் பக்கம் திரும்பினால் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மீதியையும் விட்டுவிட்டு, இன்ஜினைப் பின்னோக்கிப் போட்டு, முதலில் மெல்ல, பிறகு படிப்படியாகக் கூட்டி, அரை நிமிடம் இழுத்துப் பாருங்கள். கரையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்களை, ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு கம்பமும் என்று வைத்துக்கொள்வோம், பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் நகர்கிறீர்கள்.

இன்னொரு சோதனை கையால் செய்வது. இன்ஜின் இழுக்கும்போது அணியத்துக்கு வெளியே இருக்கும் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சங்கிலி ஓடும் உருளை பக்கம் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்த நங்கூரம் என்றால் சங்கிலி விறைத்து, சத்தமில்லாமல் நிற்கும். இழுபடுகிற நங்கூரம் என்றால், கரடுமுரடான சாலையில் போகும் வண்டியின் தரை மாதிரி, தடதடவென்ற அதிர்வு உள்ளங்கைக்கு வரும். ஒரு முறை உணர்ந்தால் அப்புறம் மறக்காது. அதிர்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். மூன்று முறை பிடிக்கவில்லை என்றால் அந்தத் தரை உங்களுக்கு வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் இரண்டாவது இடத்துக்குப் போங்கள். அதற்குத்தான் அந்த இரண்டு மணி நேர வெளிச்சம்.

பிடித்த பிறகு, சில மீட்டர் நைலான் கயிற்றை ஒரு கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறு முனையைப் படகின் உறுதியான கட்டையில் கட்டி, சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். நைலான் நீண்டு சுருங்கி உலுக்கலை வாங்கிக்கொள்ளும், சங்கிலி சுற்றும் இயந்திரத்தின் மேல் பாரம் விழாது, படுக்கையில் சங்கிலி அரைபடும் சத்தமும் கேட்காது. பகலில் முன்பக்கம் கறுப்புப் பந்து ஒன்று, இருட்டியதும் நாலாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று. இது 1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 30ஆவது விதி. மற்றவர்கள் போடாவிட்டாலும் நீங்கள் போடுங்கள்.

படுப்பதற்கு முன்

வெளிச்சம் இருக்கும்போதே, இந்தக் குடாவிலிருந்து இருட்டில் வெளியேற எந்தத் திசையில் திசைகாட்டியை வைத்து எத்தனை மீட்டர் போக வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். உள்ளே வந்த தடம் திரையில் பதிவாகியிருந்தால் அதே தடத்தில் வெளியேறலாம். கரைக்குப் போய்வர வைத்திருக்கும் சின்னப் படகான டிங்கியைப் பின்னால் மிதக்க விடாமல் மேலே ஏற்றிவிடுங்கள். இன்ஜின் சாவி எங்கே, தலைவிளக்கு எங்கே என்று படகில் உள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும். பாய்கள் சுருட்டிக் கட்டியிருந்தாலும், ஒன்றாவது உடனே ஏற்றும் நிலையில் இருக்கட்டும்.

எந்த நிலையில் கிளம்புவது என்பதையும் படுக்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். “காற்று தெற்கைத் தாண்டித் திரும்பினால், அல்லது ஆழமானி 3 மீட்டருக்குக் கீழே போனால், எழுந்து போகிறோம்.” தூக்கக் கலக்கத்தில் மனசு எப்போதும் ‘இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்’ என்றுதான் சொல்லும். தெளிவாக இருக்கும்போது போட்ட முடிவு அப்போது கை கொடுக்கும். கரை பின்னால் வந்துவிட்டது, அலையும் எழ ஆரம்பித்துவிட்டது என்றால் திறந்த கடல்தான் பத்திரம். நங்கூரத்தை எடுக்க நேரமில்லை என்றால் சங்கிலிக் கடைசியில் ஒரு மிதவையைக் கட்டி விட்டுவிட்டுப் போய், மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்காகவே சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் படகோடு ஷேக்கிள் என்கிற இரும்பு வளையத்தால் பூட்டாமல், கத்தியால் அறுக்கக்கூடிய கயிற்றால் கட்டியிருக்க வேண்டும். அந்தக் கயிறு மேல்தளம் வரை எட்ட வேண்டும்.

முதல் சில இரவுகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பாருங்கள். கரையில் தெரியும் இரண்டு விளக்குகள், காற்றின் திசை, ஆழம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடலாம்.

காலையில்

இன்ஜினை மெல்ல முன்னோக்கி விட்டு, தளர்ந்த சங்கிலியை ஏற்றிக்கொண்டே போங்கள். சங்கிலி சுற்றும் இயந்திரத்தை வைத்துப் படகை இழுக்காதீர்கள். அது சங்கிலியைத் தூக்குவதற்கு மட்டும். சங்கிலி செங்குத்தாக வந்ததும் பூட்டி நிறுத்திக் கொஞ்சம் காத்திருந்தால், படகின் ஆட்டமே நங்கூரத்தைக் கிளப்பிவிடும். வரவில்லை என்றால் முன்னால் ஓட்டி எதிர்ப் பக்கமாக இழுங்கள். பாறை இருக்கும் என்ற சந்தேகம் முந்தின நாளே இருந்திருந்தால், நங்கூரத்தின் தலைப்பக்கம் ஒரு மெல்லிய கயிறும் மிதவையும் கட்டிப் போட்டிருக்கலாம். அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் வந்த வழியே வெளியே வரும்.

மேலே வரும் நங்கூரத்தின் அலகில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். சாம்பல் நிறக் களிமண் கட்டியாக இருக்கிறதா, வெறும் மணல் சிந்துகிறதா, புல் வேர் தொங்குகிறதா? எந்தக் காற்றில், எந்த ஆழத்தில், எவ்வளவு சங்கிலியில் நின்றீர்கள் என்பதோடு அதையும் நோட்டில் எழுதி வையுங்கள். வரைபடத்தில் எம் என்று போட்டிருப்பது கூழா கெட்டியா என்பது அடுத்த முறை வரும்போது தெரிந்திருக்கும். அப்புறம், சங்கிலி மேலே வரும்போதே ஒரு வாளியும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு சேற்றைக் கழுவிவிடுங்கள். கழுவாமல் பெட்டிக்குள் விட்டால் மூன்றாம் நாள் முன் அறையில் யாரும் படுக்க மாட்டார்கள்.